குருமண்வெளிப் பாதைக்கு ஓர் எடை

எங்கள் பக்கத்தில்
ஆற்றைக் கடத்திவிடும் மிதவைக்கும்
பாதை என்றுதான் பெயர்.
நிரலின் நாலாவது வரியில் நான் வைத்த 'பாதை' என்ற மாறி
முதல் நாளே இரண்டு பொருளில் நனைந்துபோனது.

பதினேழு இடத்தில் பால் எடுக்க வேண்டும்.
மண்டூர், வெல்லாவெளி, திக்கோடை, ராணமடு, பழுகாமம்.
மீதிக்கு ஊர்ப்பெயர் இல்லை.
'ரெண்டாம் மதகு தாண்டி நீலத் தாங்கி' என்று
சாரதி குணரூபன் சொல்லச் சொல்ல
ஒவ்வொன்றையும் ஒரு புள்ளியாக்கினேன்.
வெயில் உச்சிக்கு ஏறுமுன்
களுவாஞ்சிகுடிக் குளிரறைக்குள் எல்லாம் வந்துவிட வேண்டும்.

எல்லா வரிசையையும் எண்ணிப் பார்த்தாலென்ன?
மூன்றரைக் கோடிக் கோடி வரிசைகள்.
எண்ணி முடிப்பதற்குள் பால் தயிராகி, தயிர் மோராகி,
எருமையின் பூட்டி கன்று போட்டிருக்கும்.

பேராசை முறை எழுத இருபது வரி போதும்.
கிட்ட இருப்பதை எடு,
மறுகா அதற்குக் கிட்ட இருப்பதை எடு.
காலையில் அழகாய்த்தான் ஓடும்.
பத்தரை மணிக்கு ராணமட்டில் ஒரு கான் மட்டும்
தனியே நிற்பது தெரியவரும்,
சம்பளத்துக்கு முதல்நாள் நினைவுக்கு வரும்
கடைக் கடன் மாதிரி.

இடத்துக்கு இடம் தூரம் கணிக்க டைக்ஸ்ட்ரா.
நேர்மையான பிள்ளை.
மண்டூருக்கு வழி கேட்டால்
களுதாவளைக்கும் ஒருக்கால் போய்ப் பார்த்துவிட்டுத்தான் சொல்லும்.

'ஏ-ஸ்டார் போடு' என்றாள் கல்முனை நுஸ்ரா.
இலக்குக்கு நேர்கோட்டுத் தூரத்தை ஊகமாய் வை.
ஊகம் உண்மையைத் தாண்டாதவரை விடை பிழைக்காதாம்.
குறைத்து நம்பலாம்,
கூட்டிப் பயப்படக் கூடாது.
வெண்பலகையில் அந்த வரியை இன்னும் அழிக்க மனமில்லை.
ஆனால் நேர்கோடு
தண்ணீருக்கு மேலால் நடந்து போகிறது.
திரையில் மண்டூரும் குருமண்வெளியும்
ஒரு விரல்நகத்துக்குள் அடங்குகின்றன.
பட்டிருப்புப் பாலத்தால் சுற்றிவருபவனுக்குத்தான் தெரியும்
நகம் எவ்வளவு அகலம் என்று.

செவ்வாய்க்கிழமை பட்டாவில் நானும் ஏறினேன்.
மடியில் கணினி, காலடியில் வெறுங்கான்கள்.

'இதால கிறுகேலா புள்ள.'
தார் ரோட்டின் பாதியில் நெல் காய்ந்தது.
ஒரு விளிம்பை நீக்கினேன்.
அடுத்த திருப்பத்தில்
யானை இரவு சாய்த்த மின்கம்பம்.
இன்னொன்றையும்.
மூன்றாவதில் நீக்க எதுவுமில்லை,
வரைபடத்தில் இல்லாத வளவொன்றுக்குள்
கேளாமலே வாகனத்தை விட்டான் குணரூபன்.

பூமலர் வீடு.
ஆறு லீற்றருக்காக இரண்டு கிலோமீற்றர் வீண் என்று
நான் பட்டியலிலிருந்து எடுத்துவிட்ட வீடு.
அளந்து ஊற்றினாள். கையெழுத்து வைத்தாள்.
மறுகா பின்பக்கப் படலையைத் திறந்துவிட்டாள்.
மரவள்ளிக்கு நடுவால் அரை நிமிடம்,
மண்டூர் றோட்டில் ஏறிவிட்டோம்.

பால் எடுக்காத நாளில்
அந்தப் படலையை யாருக்காகத் திறப்பாள்?
ஒரு புள்ளியை அழித்தால்
அதைத் தொட்ட கோடுகளும் போகும் என்று
இரண்டாம் வருடப் பரீட்சையில் எழுதி
முழுப் புள்ளியும் வாங்கியவள் நான்.

மண்டூர்த் துறையில் பத்தே முக்கால்.
பாதை அக்கரையில்.
கிலோமீற்றரை அழித்து நிமிடம் என்று எழுதினேன்.
நிமிடத்தை அழித்துப் பாலின் சூடு என்று எழுதினேன்.
காத்திருப்பை எந்த விளிம்பில் சேர்ப்பது?
எனக்கு முன்னால்
இரண்டு மோட்டார் சைக்கிள், பள்ளிக்கூடம் முடியாமலே
வீடு போகும் ஒரு பெடியன்,
ஒரு கட்டு அகத்திக்கீரை.
அவர்களுக்கு இதே தண்ணீர் வேறு வேறு எடை.

'பாதை வெளிக்கிட்டிட்டு' என்றார் யாரோ.
குணரூபன் ஈரச் சாக்கைக்
கான்களின் மேல் புரட்டிப் போட்டான்.
எடைக்கான இடத்தில்
சுட்டி மினுங்கிக்கொண்டேயிருந்தது.
நான் நிமிர்ந்து பார்த்தேன்,
ஆறேழு பேரைச் சுமந்துகொண்டு
பாதை
எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது.